பட்டுப்புடவையும் பெர்ஃபார்மன்ஸ் ஆப்ளிகேஷனும்

காஞ்சிபுரம் காந்தி ரோட்டில் ஒரு ஜவுளிக்கடை. முகூர்த்தப் பட்டு எடுக்க ஒரு குடும்பம் வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பிடித்த புடவையின் விலை 38,000 ரூபாய். பேரம் இழுத்துக்கொண்டே போகிறது. கடைசியில் கடைக்காரர் சொல்கிறார்: "விலையில கை வைக்க முடியாதும்மா. வேணும்னா ஜாக்கெட் நாங்களே தைச்சுக் கொடுத்துடறோம், அதுக்குத் தனியா காசு வேண்டாம்." சரி என்று முடிந்தது. பில்லில் ஒரே ஒரு வரி: பட்டுப்புடவை, 1, ரூ. 38,000.

இப்போது ஒரு கேள்வி. அந்தக் கடை எத்தனை பொருளை விற்றது?

ஒன்று என்று பில் சொல்கிறது. இரண்டு என்று மணப்பெண்ணின் அம்மா சொல்வார். ஜாக்கெட் வராவிட்டால் கல்யாணத்துக்கு முதல் நாள் கடை வாசலில் வந்து நிற்பவர் அவர்தானே! நம் பாடப்புத்தகமும் இந்த விஷயத்தில் அந்த அம்மா கட்சிதான். வாடிக்கையாளருக்குக் கொடுத்த வாக்கில் தனியாகப் பிரித்துப் பார்க்கக்கூடிய ஒவ்வொன்றுக்கும் 'பெர்ஃபார்மன்ஸ் ஆப்ளிகேஷன்' என்று பெயர். தமிழில் கடப்பாடு என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு தடவையும் அந்த நீளப் பெயரை எழுத என்னால் ஆகாது :-)

இந்தக் கடப்பாடுகளை அடையாளம் காண மென்பொருளில் விதி எழுதும் வேலை ஒன்று இருக்கிறது. நம் வகுப்பில் பாதிப் பேர் ஒரகடம் கம்பெனிகளின் கணக்குப் பிரிவிலோ, ஓ.எம்.ஆர். பக்கம் ஐ.டி. கம்பெனியிலோ போய் உட்காரப் போகிறவர்கள். இந்த வேலை யாராவது ஒருவர் தலையில் நிச்சயம் விழும். அதைப் பற்றி எனக்கு ஒரு பிடிவாதமான கருத்து உண்டு: அந்த விதிகளை பில்லையும் ஐட்டம் கோடையும் பார்த்து எழுதக் கூடாது. கடையில் வாயால் சொன்ன வாக்கைப் பார்த்துத்தான் எழுத வேண்டும். ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் கொஞ்சம் பின்னணி. (தெரிந்தவர்கள் தாண்டிப் போகலாம்.)

2014 மே மாதம் ஐ.எஃப்.ஆர்.எஸ். 15 என்ற சர்வதேச விதி வெளியானது. அதை ஒட்டி நம் நாட்டில் வந்தது இண்ட் ஏ.எஸ். 115. 2018 ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கிறது. வருவாயைக் கணக்கில் எடுக்க ஐந்து படி. ஒப்பந்தம் எது என்று பார், அதில் உள்ள கடப்பாடுகளைப் பிரி, மொத்த விலை என்ன என்று தீர்மானி, அந்த விலையைக் கடப்பாடுகளுக்குப் பங்கிடு, ஒவ்வொரு கடப்பாடும் நிறைவேறும்போது அதன் பங்கை வருவாயாக எழுது. இரண்டாவது படியில் தப்பு செய்தால் பின்னால் பங்கிடுவதும் வருவாய் எழுதுவதும் தப்பு. கோலத்தில் புள்ளி தவறினால் மேற்கொண்டு எவ்வளவு அழகாக இழுத்தும் பிரயோஜனம் இல்லை அல்லவா, அந்த மாதிரி.

உடனே ஒருவர் கையைத் தூக்குவார்: "காஞ்சிபுரத்துக் கடைக்கெல்லாம் இண்ட் ஏ.எஸ். கிடையாதே?" சரிதான். பங்குச் சந்தையில் பட்டியலிட்ட கம்பெனிகளுக்கும் (எஸ்.எம்.ஈ. பிரிவு நீங்கலாக), நிகர மதிப்பு 250 கோடி ரூபாயும் அதற்கு மேலும் உள்ள கம்பெனிகளுக்கும்தான் அது பொதுவாகப் பொருந்தும். கூட்டாளிகள் சேர்ந்து நடத்தும் கடைக்கும், நம் ஊர் நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களுக்கும் பொருந்தாது. அங்கே 1985-இல் வந்த ஏ.எஸ். 9 வழியில்தான் யோசிக்கிறார்கள். ஆனால் பட்டுப்புடவை இண்ட் ஏ.எஸ். பக்கமே போகவில்லை என்று நினைத்துவிடாதீர்கள். காஞ்சிபுரம் பெயரை முன்னால் வைத்து வரமஹாலக்ஷ்மி கடைகளை நடத்தும் சாய் சில்க்ஸ் கலாமந்திர் 2023 செப்டம்பரில் பங்குச் சந்தைக்கு வந்தது. டைட்டன் கம்பெனி தனேரா என்ற பெயரில் புடவை விற்கிறது. இவர்கள் 115 படித்தே ஆக வேண்டும். நாளைக்கு நம் ஊர்க் கடை ஒன்று கம்பெனியாகி வளர்ந்தால் அதற்கும் இதே கதைதான்.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

ஒரு வாக்கைத் தனிக் கடப்பாடாக எடுக்க இரண்டு சோதனை இருக்கிறது. ஒன்று, வாடிக்கையாளர் அதைத் தனியாகவோ, எளிதில் கிடைக்கும் வேறொன்றுடன் சேர்த்தோ பயன்படுத்திக்கொள்ள முடியுமா? இரண்டு, அந்த ஒப்பந்தத்தில் மற்ற வாக்குகளோடு பின்னிப் பிணையாமல் அது தனியாக நிற்கிறதா? இரண்டுக்கும் 'ஆமாம்' வந்தால்தான் தனிக் கடப்பாடு.

கோர்வைப் புடவையை எடுத்துக்கொள்ளுங்கள். உடலுக்கு ஒரு நாடா, இரண்டு கரைக்கும் இரண்டு நாடா, நெய்ய ஒருவர், பக்கத்தில் உதவிக்கு இன்னொருவர். உடலும் கரையும் வேறு வேறு நிறம், ஆனால் இழை இழையாகக் கோர்த்து நெய்கிறார்கள். பட்டு, ஜரிகை, நெசவு என்று செலவைப் பிரித்துப் பத்து வரி எழுதலாம். வாடிக்கையாளர் வாங்குவது ஒரு புடவை, ஆகவே ஒரே கடப்பாடு. புடவையோடு சேர்த்தே நெய்து வரும் ரவிக்கைத் துணியும் அதற்குள் அடக்கம்.

ஜாக்கெட் தையல்? தெருமுனை டெய்லரிடம் கொடுத்தாலும் தைத்துத் தருவார். தைப்பதால் புடவை மாறப்போவதில்லை, தைக்காவிட்டாலும் புடவை புடவைதான். அதனால் அது தனிக் கடப்பாடு. இலவசம் என்று சொல்லிவிட்டதால் கடப்பாடு இல்லாமல் போகாது.

கணக்கைப் பாருங்கள். புடவை தனியாக விற்றால் 38,000, தையல் தனியாக 2,000, ஆக 40,000. வாங்கிய பணம் 38,000. (ஜி.எஸ்.டி.யை இப்போதைக்கு ஓரமாக வைத்துவிடுவோம்.) விகிதப்படி பங்கிட்டால் புடவைக்கு 36,100, தையலுக்கு 1,900. மார்ச் 28-ஆம் தேதி புடவையைக் கொடுத்து, ஜாக்கெட்டை ஏப்ரல் 10-ஆம் தேதி கொடுத்தால் அந்த 1,900 அடுத்த நிதியாண்டுக்குப் போக வேண்டும். ஒரு பில்லுக்கு 1,900 என்றால் அற்பம். ஆனால் வைகாசி, ஆவணி முகூர்த்தங்களில் ஒரு பெரிய கடை எத்தனை பில் போடும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

இதே மாதிரி வரிசையாகப் பார்க்கலாம். 'ஜரிகை அசல், சாயம் போகாது, போனால் மாற்றித் தருவோம்' என்பது சரக்கு சொன்னபடி இருக்கும் என்ற உறுதி மட்டும்தான், தனிக் கடப்பாடு இல்லை. அதற்கு வேண்டுமானால் ஒரு ஒதுக்கீடு வைக்கலாம். 'மூன்று வருஷத்துக்கு இலவசமாகப் பாலிஷ் போட்டுத் தருவோம்' என்றால் அது சேவை, தனிக் கடப்பாடு. சில்க் மார்க் லேபிள் என்பது சான்று, அதற்கென்று தனியாக விலையைப் பங்கிட மாட்டோம். 'அடுத்த தடவை வந்தால் 2,000 ரூபாய் கழிவு' என்ற கூப்பன் கொஞ்சம் சிக்கல். கூப்பன் இல்லாத ஆளுக்கும் தீபாவளிக்கு அதே கழிவு கிடைக்கும் என்றால் கூப்பனில் புதிதாக ஒன்றும் இல்லை. இந்தப் புடவையை வாங்கியவருக்கு மட்டும்தான் என்றால், அவர் அதற்கும் சேர்த்து இன்றைக்கே பணம் கொடுத்துவிட்டார் என்று அர்த்தம். அப்போது அது தனிக் கடப்பாடு.

இந்த முடிவுகளில் எதையாவது பில்லை மட்டும் பார்த்து எடுக்க முடிந்ததா? எனக்கு முடியவில்லை.

இனி மென்பொருள். அது பெரிய மர்மம் ஒன்றும் இல்லை. பில்லிங்கிலிருந்து வரிகள் வருகின்றன. ஒவ்வொரு வரியோடும் வாடிக்கையாளர் எண், ஐட்டம் கோடு, பொருள் வகை, தேதி, விலை எல்லாம் வருகின்றன. 'இது இப்படி இருந்தால் அதைச் செய்' என்ற விதிகளை நாம் எழுதி வைக்கிறோம். ஆரக்கிளில் முதல் கட்டமாக எந்தெந்த வரிகள் சேர்ந்து ஒரே ஒப்பந்தம் என்று பார்க்க ஒரு விதி, பிறகு அதற்குள் எந்தெந்த வரிகள் சேர்ந்து ஒரே கடப்பாடு என்று பார்க்க ஒரு விதி. எந்த வரியிலும் வராத வாக்குகளுக்கு, அதாவது நம் இலவச ஜாக்கெட்டுக்கு, மறைமுகக் கடப்பாட்டு மாதிரி என்று தனியாக ஒரு வசதியும் உண்டு. எஸ்.ஏ.பி.யில் இதே வேலையை முடிவு அட்டவணைகள் வைத்துச் செய்கிறார்கள். ஆக, கருவி இருக்கிறது. அதில் எதைப் போடுவது என்பதில்தான் கோளாறு வருகிறது. விதி எழுதுபவர் திரையைத் திறந்ததும் கண்ணில் படுவது ஐட்டம் மாஸ்டர். கையில் கிடைத்ததை வைத்து எழுதத் தோன்றுவது இயல்புதான். அப்படி எழுதினால் என்ன ஆகும்?

முதலாவது, 'விலை பூஜ்யம் என்றால் அந்த வரியை விட்டுவிடு' என்ற விதி. பார்க்க எவ்வளவு நியாயமாக இருக்கிறது! பை, காலண்டர், சாம்பிள் எல்லாம் பூஜ்யம்தானே. ஆனால் பூஜ்ய விலையில் ஜாக்கெட் தையல் என்று ஒரு வரி போட்டிருந்தால் அதுவும் சேர்ந்தே காணாமல் போகும். வருவாய் முழுவதும் முதல் நாளே ஏறிவிடும். யாருக்கும் சந்தேகமும் வராது, ஏனென்றால் பில் தொகையும் கல்லாப் பணமும் பைசா சுத்தமாக ஒத்துப்போகும்.

இரண்டாவது, 'வரிக்கு ஒரு கடப்பாடு' என்ற விதி. சொந்த டிசைனில், முந்தியில் பெண் மாப்பிள்ளை உருவத்தோடு புடவை நெய்யச் சொல்கிறார்கள். பில்லில் மூன்று வரி: டிசைன் போட்டு ஜக்கார்டுக்குத் தயார் செய்ய, கூடுதல் ஜரிகைக்கு, புடவைக்கு. டிசைன் கட்டணத்தை முதல் மாதமே பில் போட்டு வாங்கிவிடுகிறார்கள். விதி அதைத் தனிக் கடப்பாடாக எடுத்தால், தறியில் பாவு ஏறும் முன்பே வருவாய் ஏறிவிடும். அந்த டிசைனைத் தனியாகக் கையில் கொடுத்தால் அந்தக் குடும்பம் அதை வைத்து என்ன செய்யும்? அவர்கள் கேட்டது ஒரு புடவை. டிசைன் போடுவது அந்தப் புடவையைக் கொடுப்பதற்காகக் கடை செய்துகொள்ளும் ஏற்பாடு. ஆக மூன்று வரி, ஒரே கடப்பாடு.

மூன்றாவது எனக்கு மிகவும் பிடித்தது. 'ஒரே வாடிக்கையாளர் இரண்டு நாளுக்குள் போடும் பில்கள் ஒரே ஒப்பந்தம்' என்று ஒரு விதி. நல்ல நோக்கம்தான். முதல் நாள் முகூர்த்தப் புடவை, மறுநாள் அத்தை சித்திக்கெல்லாம் புடவை, எல்லாவற்றுக்கும் சேர்த்து முதல் நாளே பேசிய விலை. ஒன்றாகப் பேசிய பேரத்தை ஒரே ஒப்பந்தமாகப் பார்க்க வேண்டும் என்று 115-ம் சொல்கிறது. ஆனால் கவுன்ட்டரில் ரொக்கம் கொடுத்து வாங்குகிறவர் எல்லோருக்கும் பில்லிங்கில் என்ன பெயர்? 'கேஷ் கஸ்டமர்'. எல்லோருக்கும் ஒரே எண். விதியை அப்படியே ஓடவிட்டால் சனி ஞாயிறு வந்து போன ஊர்பேர் தெரியாத ஜனம் முழுவதும் ஒரே ஒப்பந்தத்துக்குள் சம்பந்தி ஆகிவிடுவார்கள் :-)

நான்காவது, ஜி.எஸ்.டி. கோடைப் பார்த்து விதி எழுதுவது. 2017 ஜி.எஸ்.டி. சட்டத்திலும் கூட்டு சப்ளை, கலப்பு சப்ளை என்ற பாகுபாடு இருப்பதால் இரண்டும் ஒன்றே என்று தோன்றும். அந்தச் சட்டம் கேட்பது எந்த விகிதத்தில் வரி வாங்குவது என்று. 115 கேட்பது எந்தக் காலத்தில் வருவாய் எழுதுவது என்று. சில சமயம் இரண்டு பதிலும் ஒத்துப்போகும், அதை நம்பி இருந்துவிட முடியாது.

நெசவாளர் பக்கமும் ஒன்று சொல்ல வேண்டும். பிள்ளையார்பாளையத்தில் வீட்டுத் தறியில் நெய்பவருக்குக் கடையிலிருந்து பட்டும் ஜரிகையும் போகிறது, புடவையாகத் திரும்பி வருகிறது, கூலி கொடுக்கிறார்கள். சரக்கு வெளியே போன ஒவ்வொரு வரியையும் கடப்பாடு நிறைவேறியதாக எடுக்கும் விதி இருந்தால், கடை தன் ஜரிகையைத் தன் நெசவாளருக்கே விற்றதாகக் கணக்கு வரும். அங்கே வாடிக்கையாளரும் இல்லை, விற்பனையும் இல்லை. இதைத் தெரிந்துகொள்ள மென்பொருள் நிபுணர் வேண்டாம், தறி பக்கம் ஒரு தடவை போய் வந்த ஆள் போதும்.

எதிர்வாதத்தையும் சொல்லிவிடுகிறேன். "தினமும் ஆயிரக்கணக்கில் வரி வரும். ஒவ்வொன்றுக்கும் உட்கார்ந்து கடைக்காரர் என்ன சொன்னார் என்று விசாரிக்க முடியுமா? ஆள் ஆளுக்கு ஒரு முடிவு எடுத்தால் ஆடிட்டர் சும்மா விடுவாரா? அதற்குத்தானே விதி?" நியாயமான பேச்சு. விதி வேண்டாம் என்று நானும் சொல்லவில்லை. ஒரே மாதிரி விற்பனைக்கு ஒரே மாதிரி கணக்கு வேண்டும், அதற்கு மனிதனைவிட மென்பொருள் மேல். ஐட்டம் கோடு இல்லாமல் விதி ஓடாது என்பதும் உண்மை. எந்த வரிசையில் செய்கிறோம் என்பதில்தான் என் சண்டை. முதலில் வாக்குப் பட்டியல், அப்புறம் கோடு.

அதாவது, மென்பொருளைத் திறக்கும் முன் விற்பனைப் பிரிவு ஆட்களோடு ஒரு நாள் உட்கார வேண்டும். என்னென்ன வாக்குக் கொடுக்கிறீர்கள், எதை வாயால் சொல்கிறீர்கள், எது பில்லில் ஏறுவதில்லை என்று கேட்டு எழுத வேண்டும். ஒவ்வொரு வாக்கையும் அந்த இரண்டு சோதனையில் போட்டுப் பார்த்து முடிவையும் காரணத்தையும் பக்கத்தில் எழுத வேண்டும். பில்லில் ஏறாத வாக்குக்குப் பில்லிங்கிலேயே ஒரு கோடு உண்டாக்க வேண்டும், முடியாவிட்டால் மறைமுகக் கடப்பாடாகப் போட வேண்டும். அதற்குப் பிறகுதான் விதி.

விதி எழுதிய பிறகும் இரண்டு விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். எந்த விதியிலும் சிக்காத வரியை, 'போகட்டும், தனிக் கடப்பாடு' என்று தானாக உள்ளே விடக் கூடாது. நிறுத்தி வைத்து ஒரு மனிதரிடம் காட்ட வேண்டும். இரண்டாவது, ஒவ்வொரு ஆடித் தள்ளுபடிக்கும் தீபாவளிச் சலுகைக்கும் முன்பு விதிகளைத் திரும்பப் பார்க்க வேண்டும். 'இரண்டு எடுத்தால் தையல் இலவசம்' என்று போஸ்டர் அடிப்பவர் கணக்குப் பிரிவுக்குச் சொல்லிவிட்டு அடிப்பதில்லை. போஸ்டர் ஒட்டிய அன்றே ஒரு புதுக் கடப்பாடு பிறந்துவிடுகிறது.

இதற்கெல்லாம் இவ்வளவு பாடா, வருவாய் இந்த மாதம் வந்தால் என்ன அடுத்த மாதம் வந்தால் என்ன என்று சிலர் நினைக்கலாம். சேமிப்புத் திட்டங்களை யோசித்துப் பாருங்கள். கோ-ஆப்டெக்ஸில் 'கனவு நனவு' என்று ஒரு திட்டம், மாதாமாதம் சந்தா கட்டினால் முடிவில் அவர்களும் தங்கள் பங்குக்குச் சேர்த்து அந்த மதிப்புக்குத் துணி எடுத்துக்கொள்ளச் சொல்வார்கள். தனியார் ஜவுளிக்கடை, நகைக்கடைகளிலும் இந்த மாதிரி சீட்டுகள் உண்டு. மாதம் 1,000 வீதம் 10 மாதம் கட்டி 11,000 ரூபாய்க்குத் துணி எடுக்கிறார் ஒருவர் என்று வையுங்கள். அவர் துணி எடுக்கும் வரை அந்த 10,000 கடையின் வருவாய் இல்லை, கடை அவருக்குப் பட்டிருக்கும் கடன். கடை சேர்த்துக் கொடுத்த 1,000 விளம்பரச் செலவும் இல்லை, விலையில் குறைத்தது. வருவாய் 10,000-க்குக் கிட்டத்தான், 11,000 கிடையாது.

இந்தச் சந்தாவை ஒரு விதி தப்பாக வருவாயில் ஏற்றினால் என்ன ஆகும்? கடை லாபத்தில் இருப்பதாக முதலாளியே நம்புவார். அந்த லாபத்தை வைத்து இன்னொரு கிளை திறப்பார். வங்கியும் அதே கணக்கைப் பார்த்துக் கடன் கொடுக்கும். திடீரென்று கடை மூடினால், மகள் கல்யாணத்துக்கு என்று மாதாமாதம் கட்டியவர் ஒரு அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பார். சீட்டு கட்டி ஏமாந்த கதைகள் தமிழ்நாட்டில் கொஞ்சமா நஞ்சமா? எல்லாவற்றுக்கும் கணக்கு விதிதான் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் கொடுத்த வாக்கு கணக்கில் கடனாக நின்றால், ஆபத்து முன்கூட்டியே நாலு பேர் கண்ணில் படும்.

இதில் ஒரு லாபமும் இருக்கிறது, அதைப் பாடப்புத்தகத்தில் யாரும் எழுதுவதில்லை. நிறைவேறாத கடப்பாடுகளின் பட்டியல் சரியாக இருந்தால் அதுவே கடையின் வேலைப் பட்டியல். எத்தனை ஜாக்கெட் தைக்க வேண்டும், எத்தனை சொந்த டிசைன் புடவை தறியில் நிற்கிறது, எந்த முகூர்த்தத்துக்குள் கொடுக்க வேண்டும் எல்லாம் அதிலேயே இருக்கும். ஆடிட்டருக்காக மட்டும் செய்யும் விதியை யாரும் பராமரிக்க மாட்டார்கள். டெய்லருக்கும் தறிக்காரருக்கும் பயன்படுகிற பட்டியல் என்றால், அது தப்பாக இருக்கும் அன்றே யாராவது சத்தம் போடுவார்கள். எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல இன்டெர்னல் கன்ட்ரோல் கிடையாது.

அதனால் நண்பர்களே, நாளைக்கு உங்களை ஒரு கணினி முன்னால் உட்காரவைத்து 'இந்த ஐட்டம் மாஸ்டரைப் பார்த்து விதி போடு' என்று சொன்னால், உடனே கீபோர்டில் கை வைக்காதீர்கள். 'விற்பனையில் யாரிடம் பேசலாம் சார்?' என்று கேளுங்கள். முறைப்பார்கள், பரவாயில்லை. கார் கம்பெனியின் இலவச சர்வீஸுக்கும், ஐ.டி. கம்பெனியின் லைசென்ஸ் மற்றும் சப்போர்ட்டுக்கும் இதே கேள்விதான்.

இது என் கருத்து. ஐட்டம் கோடிலிருந்து தொடங்கினாலும் சரியாக வரும் என்று நினைப்பவர்கள், அந்த 'கேஷ் கஸ்டமர்' சிக்கலுக்கு மட்டும் ஒரு வழி சொல்லிவிட்டு வாதத்தைத் தொடங்கலாம். காத்திருக்கிறேன்.